ரயில் பொம்மை அறையும் நாற்பது மணி நேரச் சாவியும்



உங்கள் பேத்தி யூடியூபில் 'கிச்சன் ஹேக்' பார்க்கிறாள். யாருடைய வாட்ஸ்அப்போ ஹேக் ஆகிவிட்டது, அந்த எண்ணிலிருந்து பணம் கேட்டால் அனுப்பாதீர்கள் என்று நம் அசோசியேஷன் குழுவில் அவ்வப்போது எச்சரிக்கை வருகிறது. மருமகன் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆண்டுக்கொரு முறை 'ஹேக்கத்தான்' நடக்கிறது. ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு, காலையில் ஒரு டி-ஷர்ட்டோடு வீட்டுக்கு வருகிறார். சொல் ஒன்றுதான். ஓரிடத்தில் சாமர்த்தியம், ஓரிடத்தில் திருட்டு, இன்னோரிடத்தில் போட்டி.

இந்தச் சொல்லைக் கணினி உலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? மாடல் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள். அவர்களுடைய கிளப் அறையின் வரலாற்றைத்தான் இந்தக் காலாண்டு இதழில் சொல்லப்போகிறேன்.

இப்போது ஏன் இந்தக் கதை என்று கேட்பீர்கள். சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் பி பிளாக் தரைத்தளத்தில் காலியாகக் கிடக்கும் பழைய ஜெனரேட்டர் அறையை என்ன செய்வது என்று பேசினோம். வாடகைக்கு விடலாம் என்றார்கள் சிலர். பூட்டியே வைக்கலாம், வம்பு வேண்டாம் என்றார்கள் சிலர். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இதை ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள்.

இடிக்க வேண்டிய கட்டடம்

இடம், எம்.ஐ.டி. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டிய கேம்பிரிட்ஜில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்.

இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் ஆராய்ச்சிக்காக அங்கே 1943-இல் அவசர அவசரமாக ஒரு கட்டடம் கட்டினார்கள். மூன்று மாடி, பெரும்பாலும் மரம். போர் முடிந்ததும் இடித்துவிடுவதாகத்தான் திட்டம். பெயர்கூட வைக்கவில்லை. 'கட்டடம் 20' என்று எண்தான். கோடையில் வேகும், குளிர்காலத்தில் காற்று புகும், தரை கிறீச்சிடும்.

போர் முடிந்தது. மாணவர் கூட்டம் பெருகியது. இடம் போதவில்லை. இடிப்பதைத் தள்ளிப்போட்டார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தள்ளித் தள்ளி, அந்தத் தற்காலிகக் கட்டடம் 1998 வரை, 55 ஆண்டுகள் நின்றது.

யாருக்கும் பிடிக்காத கட்டடம் என்பதால் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. சுவரில் ஓட்டை போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கூரை வழியாக ஒயர் இழுக்கலாம். ஓர் ஆய்வாளர் தன் உயரமான கருவியை நிறுத்த மாடித் தளங்களையே பெயர்த்தெடுத்தார். மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கியின் அறை இங்கேதான் இருந்தது. நம் வீடுகளில் சிலர் வைத்திருக்கும் போஸ் ஸ்பீக்கருக்குப் பெயர் தந்த அமர் போஸ், வங்காளத் தந்தைக்குப் பிறந்தவர், இந்தக் கட்டடத்தில்தான் ஒலி ஆராய்ச்சி செய்தார்.

1946-இல் தொடங்கிய 'டெக் மாடல் ரெயில்ரோட் கிளப்' என்ற மாணவர் சங்கத்துக்கும் இதே கட்டடத்தில் ஓர் அறை கிடைத்தது. புதிய, அழகான கட்டடத்தில் பொம்மை ரயிலுக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

மேலே ஊர், கீழே ஒயர்

மாடல் ரயில் என்றதும் பிறந்தநாளுக்கு வாங்கித் தரும் வட்டத் தண்டவாளத்தை நினைக்காதீர்கள். கிளப்காரர்கள் கட்டுவது ஒரு முழு ஊர். இதை 'லேஅவுட்' என்பார்கள். நம் ஊரில் மனை வாங்கும்போது லேஅவுட் கேட்போமே, ஏறக்குறைய அதே பொருள்தான். எந்த இடத்தில் தண்டவாளம், எங்கே ஸ்டேஷன், எங்கே மலை, எங்கே பாலம், எங்கே தொழிற்சாலை என்று முடிவு செய்து, பெரிய மேஜைகளின் மேல் கட்டுவது.

இந்தக் கிளப் எடுத்துக்கொண்டது 'எச்.ஓ.' என்ற அளவு. நிஜத்தில் 87 அடி இருப்பது இங்கே ஓர் அடி. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். அதை இந்த அளவில் செய்தால் சுமார் 24 சென்டிமீட்டர், பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேலைவிடச் சற்றுக் குட்டை. இரண்டு தண்டவாளக் கம்பிகளுக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்.

கிளப்பில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சிக்குக் கத்தியும் தூரிகையும்தான் கருவி. இன்ஜின்களுக்கு வண்ணம் அடிப்பார்கள், மரங்கள் செய்வார்கள், பழைய ரயில் பத்திரிகைகளைப் புரட்டுவார்கள், நிஜ ரயில் பார்க்கப் பயணம் போவார்கள். இன்னொரு கட்சி 'சிக்னல்ஸ் அண்ட் பவர்' பிரிவு. இவர்களுக்கு மேஜையின் மேலே நடப்பதில் அவ்வளவு அக்கறை இல்லை. மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒயர் இழுப்பார்கள். அந்த ஒயர்க் காட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தி சிஸ்டம்'. சனிக்கிழமைகளில் உட்கார்ந்தால் இரவு வரை அதிலேயே கிடப்பார்கள்.

எதற்கு அத்தனை ஒயர்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சற்றுப் பொறுமையாகப் பாருங்கள்.

இரண்டு ரயில் விடுவதில் என்ன கஷ்டம்?

அந்தக் காலத்து மாடல் இன்ஜினுக்குள் பாட்டரி கிடையாது. ஒரு சின்ன மோட்டார் மட்டும். மின்சாரம் தண்டவாளம் வழியாக வரும். ஒரு கம்பி பிளஸ், மற்றது மைனஸ். வோல்டேஜைக் கூட்டினால் இன்ஜின் வேகம் எடுக்கும். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போட்டால் பின்னோக்கிப் போகும். ஒரே ஒரு ரயில் என்றால் இது போதும்.

அதே தண்டவாளத்தில் இரண்டாவது இன்ஜினை வையுங்கள். இரண்டுக்கும் ஒரே மின்சாரம் போகும். நீங்கள் ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். ஒன்றைப் பின்னால் எடுத்தால் மற்றதும் பின்னால் வரும். ஆளுக்கொரு ரயிலாகப் பத்துப் பேர் ஓட்ட வேண்டும் என்றால் நடக்கவே நடக்காது.

இதற்கு வழி, தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மின்சாரம் போகாதபடி நடுவே சின்ன இடைவெளி. இதற்கு 'பிளாக்' என்று பெயர். உங்கள் ரயில் மூன்றாம் பிளாக்கில் இருந்தால், உங்கள் கைப்பிடியிலிருந்து வரும் மின்சாரம் மூன்றாம் பிளாக்குக்கு மட்டும் போக வேண்டும். ரயில் நான்காம் பிளாக்கில் நுழையும்போது உங்கள் மின்சாரமும் அங்கே மாற வேண்டும். அந்த நேரத்தில் நான்காம் பிளாக்கில் வேறொருவர் ரயில் நின்றால் உங்கள் ரயில் உள்ளே போகவே கூடாது. பத்து ரயில், பல பிளாக், எந்நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் இணைப்புகள். கையால் சுவிட்ச் போட்டு மாளாது.

இப்போது, நம்மில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டயலைச் சுழற்றுகிறீர்கள். ஆயிரக்கணக்கான லைன்களில் உங்களுக்கு வேண்டிய ஒரு லைனோடு உங்கள் லைனை அந்த இயந்திரம் கோக்கிறது. அந்த லைனில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் 'எங்கேஜ்டு' ஒலி. பேசி முடித்ததும் இணைப்பை விடுவிக்கிறது. ரயிலுக்குத் தேவையானதும் இதே வேலைதான். ஓட்டுநர்தான் போன் செய்பவர். பிளாக்தான் லைன்.

இது அந்தப் பையன்களுக்குத் தோன்றியது. கிளப்பின் ஆலோசகராக இருந்த பேராசிரியர், கல்லூரி வளாகத்தின் டெலிபோன் அமைப்புக்கும் பொறுப்பாளர். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற டெலிபோன் கருவி நிறுவனம் கல்லூரிகளுக்குப் பொருட்களைக் கொடையாகத் தந்துவந்தது. அந்த வழியில் ரிலேக்களும் சுவிட்சுகளும் டயல்களும் கிளப் அறைக்கு வந்து இறங்கின. நம் சம்ப் மோட்டார் ஓடத் தொடங்கும்போது பேனலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, ரிலேயும் அந்த ஜாதிதான். மின்சாரம் பட்டால் சின்னக் காந்தம் ஒரு தகட்டை இழுக்கும். ஓர் இணைப்பு மூடும், இன்னொன்று திறக்கும். இப்படிப்பட்ட ரிலேக்களை வரிசை வரிசையாகக் கோத்து, 'இது நடந்தால் அதைச் செய், அது நடந்தால் இதைச் செய்யாதே' என்று தண்டவாளத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். டெலிபோன் டயலைச் சுழற்றினால் வேண்டிய தண்டவாளப் பகுதி உங்கள் கைக்கு வரும்.

மென்பொருள் எழுதுபவர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்வீர்கள். 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்பதுதான் உங்கள் தினசரிப் பிழைப்பு. கணினியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பையன்கள் அதை ஒயராலும் ரிலேயாலும் எழுதிப் பழகிவிட்டார்கள்.

சாவி கிடைப்பது எப்படி?

கிளப்பில் ஒரு விதி இருந்தது. புதிதாக வருபவர் லேஅவுட்டில் 40 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். செய்து முடித்தால் அறையின் சாவி அவர் கையில். பிறகு எந்நேரமும் வரலாம், போகலாம். மார்க் எவ்வளவு, அப்பா யார் என்ற கேள்வி கிடையாது. நாற்பது மணி நேரம் நீ உழைத்தாயா? இந்தா சாவி.

1958-இல் முதலாண்டு மாணவராகச் சேர்ந்த பீட்டர் சாம்சன் அப்படிச் சாவி வாங்கியவர்களில் ஒருவர். ரயில்மீது சின்ன வயதிலிருந்தே மோகம். மேலே ஓடும் ரயிலைப் பார்க்க வந்தவர், கீழே இருந்த ரிலே வரிசைகளைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். ஆலன் கோடோக், பாப் சாண்டர்ஸ் போன்றவர்களும் அதே கூட்டம்.

ஒரு கூட்டம் ஒரே அறையில் இரவும் பகலும் இருந்தால் தனி பாஷை உண்டாகிவிடும். 1959-இல் சாம்சன் அந்தக் கிளப் பாஷைக்கு ஒரு குட்டி அகராதியே தொகுத்தார். 'ஹேக்' அதில் இருக்கிறது. பெரிய பயன் எதையும் உத்தேசிக்காமல், செய்வதன் இன்பத்துக்காகவே சாமர்த்தியமாகச் செய்யும் வேலை என்ற பொருளில். அப்படிச் செய்பவர் 'ஹேக்கர்'. அந்த அறையில் அது ஒரு பட்டம்.

நிரல் எழுதுபவர்கள் உதாரணத்துக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் 'ஃபூ' என்று போடுவீர்களே, அந்தச் சொல்லும் இந்த அகராதியில் உண்டு. லேஅவுட் அறையில் பல இடங்களில் அவசர நிறுத்த சுவிட்ச் வைத்திருந்தார்கள். ரயில் வேகமாகப் போய் எதிலாவது மோதப்போகிறது என்றால் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் அதைத் தட்டலாம். தட்டியதும் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த டிஜிட்டல் கடிகாரம் நின்றுவிடும். நேரத்துக்குப் பதில் அதில் 'ஃபூ' என்ற எழுத்துகள் தோன்றும். எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாரோ எங்கேயோ தப்புச் செய்துவிட்டார்கள் என்று. திட்டும் இல்லை, அபராதமும் இல்லை.

ரயிலிலிருந்து கணினிக்கு

அந்த நாளில் கணினி என்றால் ஓர் அறை முழுக்க நிற்கும் இயந்திரம். எம்.ஐ.டி.யில் இருந்தது ஐ.பி.எம். 704. மாணவர் அதைத் தொட முடியாது. நிரலை அட்டைகளில் துளையிட்டு, ஜன்னல் வழியாக ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. பழைய ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

1959-இல் ஜான் மெக்கார்த்தி என்ற பேராசிரியர் முதலாண்டு மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று எடுத்தார். செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் இவர்தான். கிளப்பிலிருந்து கோடோக்கும் சாம்சனும் அந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்று காத்திருப்பது அவர்களுக்கு ஒத்துவரவில்லை. எதையும் பிரித்துப் பார்த்து, தொட்டுப் பார்த்துப் பழகிய கைகள்.

அப்போது உதவிக்கு வந்தவர் ஜாக் டென்னிஸ். கிளப்பின் பழைய உறுப்பினர், 'தி சிஸ்ட'த்தில் கை வைத்தவர். படித்து முடித்து அங்கேயே ஆசிரியர் பொறுப்புக்கு வந்துகொண்டிருந்தார். லிங்கன் ஆய்வகத்திலிருந்து டி.எக்ஸ்-0 என்ற கணினி 1958-இல் எம்.ஐ.டி.க்குக் கடனாக வந்திருந்தது. டிரான்சிஸ்டரில் ஓடிய ஆரம்பகாலக் கணினிகளில் ஒன்று. இதற்கு அட்டையும் இல்லை, ஜன்னலும் இல்லை. நேரே எதிரில் உட்கார்ந்து, காகித நாடாவில் நிரலைக் கொடுத்து, தப்பை அங்கேயே திருத்தலாம். டென்னிஸ் ரயில் பையன்களைக் கூட்டிப்போய் அந்த இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார். பகலில் ஆராய்ச்சிக்காரர்கள், இரவில் இவர்கள். இரவு இரண்டு மணிக்கு முன்பதிவு செய்தவர் வரவில்லை என்றால் அந்த நேரத்தைப் பிடிக்க வெளியே காத்துக்கிடப்பார்கள்.

சாம்சன் அந்தக் கணினியைப் பாட வைத்தார். அதிலிருந்த ஒரே ஒரு ஸ்பீக்கரில் பாஃக் இசை வந்தது. எழுதிய நிரல்களின் நாடாவை மேஜை டிராயரில் போட்டு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஓட்டலாம், இன்னும் நன்றாக மாற்றி எழுதலாம். பூட்டு கிடையாது. கிளப் அறையின் பழக்கம் கணினி அறைக்கும் வந்தது, அவ்வளவுதான். இன்று நம் கைபேசிகளுக்குள்ளும் சர்வர்களுக்குள்ளும் ஓடும் திறந்த மூல மென்பொருளின் பின்னால் இருக்கும் மனநிலைக்கு ஒரு வேர் அந்த டிராயரில் இருக்கிறது.

பழைய சுவிட்சும் புதிய விளையாட்டும்

1961-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பி.டி.பி-1 என்ற கணினியை எம்.ஐ.டி.க்கு நன்கொடையாகத் தந்தது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர். அதில் வட்டமான திரை ஒன்று இருந்தது. இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தவர்களில் கிளப்பைச் சேர்ந்த ஸ்டீவ் ரஸ்ஸலும் ஒருவர். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் விளையாட்டு ஒன்றை எழுதுவது என்று தீர்மானமாயிற்று.

ரஸ்ஸல் சுறுசுறுப்புக்குப் பேர்போனவர் அல்ல. கலங்களைத் திருப்புவதற்குச் சைன், கொசைன் கணக்குப் போடும் நிரல் வேண்டும், அது என்னிடம் இல்லை என்று சாக்குச் சொன்னார். ஆலன் கோடோக் அந்த நிறுவனத்துக்கே நேரில் போய், நிரல் இருந்த நாடாவை வாங்கிவந்து அவர் மேஜையில் வைத்தார். இனி என்ன சாக்கு? 1962-இன் தொடக்கத்தில் 'ஸ்பேஸ்வார்' ஓடியது. டேன் எட்வர்ட்ஸ் அதில் ஈர்ப்பு விசையைச் சேர்த்தார். பின்னணியில் ஏதோ புள்ளிகள் இருந்தது சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. நிஜ வானத்தின் நட்சத்திர வரைபடத்தையே எழுதிச் சேர்த்தார்.

விளையாடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. கணினியின் முகப்பிலிருந்த சுவிட்சுகளை அழுத்தித்தான் ஆட வேண்டும். கை வலிக்கும், முழங்கை முட்டிக்கொள்ளும். கோடோக்கும் சாண்டர்ஸும் நேரே ரயில் அறைக்குப் போனார்கள். அங்கே கிடந்த மரத்துண்டு, பேக்கலைட், பழைய டெலிபோன் சுவிட்சுகளை எடுத்து இரண்டு கைப்பெட்டிகள் செய்தார்கள். திருப்ப ஒன்று, வேகத்துக்கு ஒன்று, சுடுவதற்கு ஒரு பொத்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று கையில் பிடிக்கும் கேம் கன்ட்ரோலரின் பாட்டன் அது. பிறந்தது மாடல் ரயிலின் உதிரிச் சாமான் பெட்டியில்.

ரயில் கிளப்காரர்களுக்குக் கட்டியதைப் பிறருக்குக் காட்டாமல் இருக்க முடியாது. லேஅவுட்டைப் பொதுமக்கள் பார்க்கக் கதவைத் திறந்துவைப்பதுபோல், 1962 மே மாதம் எம்.ஐ.டி. அறிவியல் கண்காட்சி நாளில் ஸ்பேஸ்வாரையும் வைத்தார்கள். வந்தவர்கள் நம்ப முடியாமல் பார்த்தார்கள். யாரும் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, விற்கவும் இல்லை. நாடா கைமாறிக் கைமாறி வேறு பி.டி.பி-1 கணினிகளுக்குப் போனது. 1971-இல் காசு போட்டு ஆடும் முதல் வணிக வீடியோ கேம்களில் ஒன்றான 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' வந்தபோது, அதன் மூலக்கரு ஸ்பேஸ்வார்தான்.

கோடோக் பின்னாளில் பி.டி.பி-10 கணினியின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். டென்னிஸ் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார்.

மறுபக்கமும் உண்டு

எல்லாம் இனிப்பாகச் சொன்னால் வரலாறு ஆகாது. அந்தப் பையன்கள் பூட்டியிருந்த கதவுகளைத் திறக்கக் கற்றுக்கொண்டார்கள். வேண்டிய கருவி எந்த அறையில் இருந்தாலும் இரவில் போய் 'எடுத்துவர' கேலியாக ஒரு கமிட்டியே வைத்திருந்தார்கள். டெலிபோன் அமைப்பைக் குடைந்து பார்த்தார்கள். ராத்திரி முழுக்கக் கணினி, காலையில் வகுப்பில் தூக்கம். ஏறக்குறைய அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் அந்த அறைக்குள் வர வேண்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 'ஹேக்கர்' என்ற பட்டம் பிற்காலத்தில் திருடனுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு, அந்த 'எந்தப் பூட்டும் எங்களுக்கு இல்லை' என்ற மனப்பான்மையும் ஒரு காரணம்.

எனவே, சாவியைக் கொடுத்துவிட்டால் எல்லாம் தானாக நல்லபடி நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருந்தார். உழைத்தவருக்குத்தான் சாவி என்ற விதி இருந்தது. யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய அவசர சுவிட்ச் இருந்தது. பழைய உறுப்பினர் ஒருவர் இளையவர்களைக் கைப்பிடித்து அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். இந்த நான்கும் இருந்ததால்தான் அந்த அறை உருப்பட்டது.

அறை போனது, கிளப் போகவில்லை

1990-களின் பிற்பகுதியில் கட்டடம் 20-க்கு நாள் குறித்துவிட்டார்கள். கிளப் வெளியேற வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகளாக மேஜையோடு மேஜையாக, சுவரோடு சுவராக வளர்ந்த லேஅவுட்டை ஃபிரிட்ஜ் மாதிரி லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. வேறு கட்டடத்தில் கிடைத்த அறையில் புதிதாக ஆரம்பித்தார்கள். மறுபடி மரச்சட்டம், மறுபடி தண்டவாளம், மறுபடி மலை. ரிலேக்களின் வேலையை இப்போது கணினி செய்கிறது.

புதிய லேஅவுட்டில் எம்.ஐ.டி.யின் உயரமான 'கிரீன் பில்டிங்' மாதிரி ஒன்று நிற்கிறது. அதன் ஜன்னல் விளக்குகள் எரிந்து அணைந்து டெட்ரிஸ் விளையாட்டு ஓடும். பார்க்க வருபவர்கள் ஆடலாம். பிறகு, 2012-இல், மாணவர்கள் நிஜமான கிரீன் பில்டிங்கின் ஜன்னல்களிலேயே விளக்கு வைத்து டெட்ரிஸ் ஆடிக் காட்டினார்கள். நிஜ ஊரைப் பார்த்துப் பொம்மை ஊர் செய்வதுதான் வழக்கம். இங்கே பொம்மைக் கட்டடம் செய்ததை நிஜக் கட்டடம் பின்பற்றியது.

கட்டடம் 20 நின்ற இடத்தில் இப்போது ஸ்டாட்டா மையம் என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. எம்.ஐ.டி.யின் கணினி ஆராய்ச்சிக்கு அதுதான் வீடு. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே சுவரில் ஓட்டை போட்டால் இப்போது நிச்சயம் யாராவது கேட்பார்கள்.

நம் ஜெனரேட்டர் அறை

இப்போது பி பிளாக்குக்கு வருவோம்.

அந்த அறைக்கு ஜன்னல் ஒன்றுதான். தரையில் டீசல் கறை போகவில்லை. வாடகைக்கு விட்டால் மாதம் ஒரு தொகை வரும், மெயின்டனன்ஸில் தலைக்குச் சில ரூபாய் குறையும். அது தப்பான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் வளாகத்துப் பிள்ளைகளுக்கு, உடைந்தாலும் பரவாயில்லை, கறை பட்டாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஓர் இடம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். கிளப் ஹவுஸில் டைல்ஸ் போட்டாயிற்று, ஆணி அடிக்கக் கூடாது. மொட்டை மாடி பூட்டியிருக்கிறது. கார் பார்க்கிங்கில் பந்து எடுத்தாலே சத்தம் போடுகிறோம். வீட்டில் சாலிடரிங் அயர்னை எடுத்தால் டைனிங் டேபிள் போய்விடும். பளபளப்பான இடத்தில் 'தொடாதே' என்றுதான் பலகை வைக்க முடியும். அந்த அழுக்கு அறைதான் நம்மிடம் இருக்கும் கட்டடம் 20.

மாடல் ரயிலே வேண்டும் என்பதில்லை. பழைய மிக்ஸியைப் பிரிக்கட்டும், சைக்கிளைச் சரிபார்க்கட்டும், ரேடியோ கட்டட்டும், ரோபோ செய்யட்டும். நம்மிடையே ரயில்வேயிலும் டெலிபோன் துறையிலும் மின்வாரியத்திலும் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் மாலையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! ரிலே என்றால் என்ன என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குச் சொல்லித்தர உங்களைவிட யார் இருக்கிறார்கள்? ஆம், இந்த முறை பெண் பிள்ளைகளும் முதல் நாளிலிருந்தே.

கூட்டத்தில் நான் வைக்கப்போகும் யோசனை இதுதான். ஒரு வருடம் மட்டும் சோதனையாக. பொறுப்புக்கு இரண்டு பெரியவர்கள். வாசலில் தீயணைப்பான், உள்ளே யாரும் அணைக்கக்கூடிய ஒரு மெயின் சுவிட்ச். அறையைச் சுத்தம் செய்வதிலிருந்து ஆரம்பித்து நாற்பது மணி நேரம் வேலை செய்த பிள்ளைக்கு, எந்த பிளாக்காக இருந்தாலும், சொந்த வீடாக இருந்தாலும் வாடகை வீடாக இருந்தாலும், ஒரு சாவி. ஆண்டு முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்துவைத்து, செய்ததை நம் எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஒன்றும் தேறவில்லை என்றால் அடுத்த வருடம் வாடகைக்கு விட்டுக்கொள்வோம்.

அந்த மர அறையை ஒதுக்கிக் கொடுத்தவர் பொம்மை ரயிலுக்கு இடம் கொடுப்பதாகத்தான் நினைத்திருப்பார். அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை, எப்படியும் இடிக்கப்போகிற கட்டடம். நாம் கொடுக்கப்போவதும் யாருக்கும் வேண்டாத ஓர் அறைதான்.

கூட்டத்துக்கு வாருங்கள். எதிர்த்துப் பேசுவதாக இருந்தாலும் வாருங்கள். அதற்கு முன்னால் ஒரு முறை அந்த அறையைத் திறந்து பாருங்கள். சாவி செக்யூரிட்டி மேஜையில்தான் தொங்குகிறது.